தலைகீழ் அக்காவும் வெள்ளத்து நாற்காலியும்

யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கண்டால் உட்காருவதுதான் மனித வழக்கம். அக்கா அப்படியில்லை. நாற்காலியை லேசாகச் சாய்த்து, குனிந்து, அதன் அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்கு முதல்முறையாகப் போனபோதும் அதையே செய்தாள். அந்த வீட்டம்மா, "ஏதாவது கீழ விழுந்திடுச்சாங்க?" என்று பதறிப்போய் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்காவின் கணவருக்குத்தான் மானம் போயிற்று. "ஒண்ணுமில்லைங்க. இவ படிக்கிற படிப்பு அப்படி" என்று சிரித்து மழுப்பினார்.

படிப்பு, அருங்காட்சியகவியலில் முதுகலை. அந்தப் பெயரை யாரிடமாவது முழுசாகச் சொல்லி விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். நாற்பதை நெருங்கும் வயதில், சொந்த மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். வகுப்பில் பானையைக் கொடுத்தாலும் பெட்டியைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள் என்பதால் அந்தப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தலைகீழ் அக்கா'. பெயர் கல்லூரியோடு நிற்கவில்லை. மகள் வாய்வழியாகத் தெருவுக்கும் வந்துவிட்டது. அக்கா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் கல்லூரியில் வந்ததும் இல்லை. கணவர் வைத்திருந்தது பழைய மரச்சாமான் கடை. முன்பக்கம் அவர் விற்பார். பின்பக்கம், ஜன்னலோரத்தில், அக்கா நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் இருக்கை தைப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் கைக்கு எடுத்த கோணி ஊசியை அவள் கீழே வைக்கவே இல்லை. மற்றவர்கள் நாற்காலியின் முகத்தைப் பார்த்தார்கள் என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வயிறுதான். கிழிந்த துணி, துருப்பிடித்த ஆணி, எந்தக் காலத்திலோ யாரோ அவசரத்துக்கு அடித்த ஒட்டுப்பலகை.

கடைக்காரரின் திறமை வேறு. அவருக்கு வாய். கடைக்கு வந்த எந்தச் சாமானும் வெறுங்கையோடு வெளியே போனதில்லை, ஒரு கதையோடுதான் போகும். நாடக நடிகை ஒப்பனை செய்துகொண்ட கண்ணாடி, கப்பல் தலைவன் படுத்த கட்டில், நீதிபதி தீர்ப்பு எழுதிய மேஜை என்று சரடு விடுவார். அந்த நீதிபதி இந்த ஊரில் குறைந்தது ஆறு மேஜைகளில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். "ஏங்க இப்படி வாய் கூசாம சொல்றீங்க?" என்று அக்கா கேட்டால், "நானா விலையை ஏத்துனேன்? சாமான் தனியா போகுதேன்னு துணைக்கு ஒரு கதை அனுப்புறேன், அவ்வளவுதான்" என்பார். கேட்பவர்களும் பாதி நம்பி, பாதி ரசித்து, சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். யாருக்கும் இதில் நஷ்டமில்லை என்பது அவருடைய கணக்கு.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அவளுக்கு விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் அக்கா தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன் வாங்கிய வரலாற்றுப் பட்டம் பீரோவில் கிடந்தது. "நானும் போகட்டுமா?" என்றாள். கடைக்காரர் டீயை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். அன்று தலையாட்டியதைப் பற்றி அவர் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. "என் வீட்டுக்காரம்மா எம்.ஏ. படிக்கிறாங்க" என்று ஸ்டூல் வாங்க வந்தவரிடம்கூடச் சொல்லித்தான் ஸ்டூலைக் கொடுப்பார்.

பீற்றிக்கொள்ள வேண்டியதுதான். பொருள்களைக் கெடாமல் காக்கும் பாடத்தில் பாதிக்குமேல் வேதியியல். அக்காவுக்கு அது தலையும் புரியாது வாலும் புரியாது. முதல்முறை தோற்றாள். வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து, அவர்கள் மதியச் சாப்பாட்டை முடிக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் படித்து அடுத்தமுறை தேறினாள். பதிலுக்கு அவர்களுக்கு, உடையக்கூடிய பொருளைச் சாய்த்து வைக்கத் துணித் திண்டு தைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தாள். வீட்டிலும் பாடம் நடந்தது. தண்ணீர்க் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அவளுக்குப் பிடிக்காது. ஒரு கை அடியில் இருக்க வேண்டும். "எடுக்கறதுக்கு முன்னாடி எங்க வைக்கப்போறோம்னு தெரிஞ்சிருக்கணும்" என்பாள். மகள் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, அடிமேல் அடி வைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்து கேலி செய்வாள். கடைக்காரர் சிரிப்பார். ஆனால் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, நாற்காலியை முதுகைப் பிடித்துத் தூக்குவதை விட்டுவிட்டு, அக்கா சொன்னபடி இருக்கைச் சட்டத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருஷம் பயிற்சி. ஆற்றங்கரைச் சாலையில் இருந்த ஊர் அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டார்கள். போன அன்றே அக்கா காப்பாளரம்மாவிடம், தன் கணவருக்குப் பழைய சாமான் கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அருங்காட்சியக வேலையில் இருப்பவர்கள் பழம்பொருள் வாங்கி விற்பதில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. காப்பாளரம்மா சிரிக்காமலே நகைச்சுவை பேசும் ரகம். "உங்க வீட்டுக்காரரை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தக் கடையில இருந்து ஒரு ஆணிகூட இந்த வாசலைத் தாண்டி உள்ள வரக் கூடாது" என்றார். அக்கா சரி என்றாள்.

பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் காட்சியில் இருக்கும் ஒரு பொருளைக் கொடுப்பார்கள். அது யார் யார் கையில் இருந்து எப்படி அங்கே வந்தது என்று விசாரித்து, அதற்குப் புதிதாக விளக்க அட்டை எழுதி, தேர்வாளர் முன்னால் நின்று பேச வேண்டும். இதில் தேறினால்தான் பட்டம். அக்காவுக்குக் கிடைத்தது அந்த அருங்காட்சியகத்தின் செல்லப்பிள்ளை.

"வெள்ளத்து நாற்காலியை எனக்குக் கொடுத்திருக்காங்க" என்று அவள் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள். முகமெல்லாம் பல். "பெரிய வெள்ளம் வந்தப்ப, ஒரு மருத்துவச்சி படகுல நாற்காலியைக் கயித்தால கட்டி, அதுல உட்கார்ந்துக்கிட்டே வீடு வீடா போய்ப் பிரசவம் பார்த்தாங்களாம். கயிறு அழுத்துன தடம் இன்னும் கால்ல இருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தா அது முன்னாடிதான் கூட்டமா நிக்கும்."

கடைக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அந்த மருத்துவச்சியை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயிலேயே பிறந்தவள். பல வருஷங்களுக்கு முன், மழைக்குக் கடையில் ஒதுங்கிய ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் ஒரு பெரிய கைவைத்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலில் என்ன தடம் என்று கேட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்ததால் கடைக்காரர் வாயில் வெள்ளம் வந்தது, வெள்ளத்தில் படகு வந்தது, படகில் மருத்துவச்சி வந்தாள். உண்மையில், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்கக் கடை வாசல் கம்பத்தில் நாற்காலியைக் கட்டி வைத்த கயிற்றின் தடம் அது. எஞ்சினியர் கண்கலங்கி வாங்கிப் போனார் என்பதோடு கடைக்காரர் அதை மறந்துவிட்டார். எஞ்சினியர் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது இன்றைக்குத்தான் தெரிகிறது.

"வேற ஏதாவது எடுத்துக்கயேன். ஒரு பானை, ஒரு வாள், அது மாதிரி" என்றார்.

"பானை எல்லாரும்தான் எடுக்கறாங்க" என்றாள் அக்கா.

அதற்கப்புறம் அந்த மனிதர் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம். எஞ்சினியர் காலமாகிவிட்டார். அவர் மகனிடம் அக்கா போனாள். ஏதோ ஒரு கடையில் அப்பா வாங்கினார் என்பதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளப் பிரியமும் இல்லை. அக்கா விடுவாளா? பழைய ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளைப் பற்றிக் கேட்டாள். படகோட்டிகள் இருந்த தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சாயங்காலம் வரும்போது வெயிலில் கறுத்து, செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தி இழுத்துக்கொண்டு வருவாள். "இன்னும் கிடைக்கல. ஆனா எங்கயாவது இருப்பாங்க, பேராவது இருக்கும்" என்பாள். இல்லாத ஒருத்தியைத் தேடித் தன் மனைவி ஊர் முழுக்க அலைவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். வாயைத் திறப்பார். "குடை எடுத்துக்கோ" என்பதுதான் வெளியே வரும்.

அவர் பயம் இதுதான். அவள் இப்போது படித்தவள். இத்தனை நாளும் சிரித்துக்கொண்டு பொறுத்துப்போன அவருடைய சரடை, இனி அவள் பொய் என்று மட்டுமே பார்ப்பாள். கூடவே பட்டமும் போய்விட்டால், கடைசிவரை அந்த முகத்தை அவர் எப்படி ஏறிட்டுப் பார்ப்பது?

ஒருநாள் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். கை கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாற்காலிக்கு முன்னால் இப்போது இருக்கும் அட்டையை வாசிக்கிறேன், கேளுங்கள் என்றாள். மகளும் அங்கேதான் இருந்தாள். அக்கா நிறுத்தி நிதானமாக வாசித்தாள். வெள்ளம், படகு, கயிறு எல்லாம் வந்தன. கடைக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"'ஒரே நாளில் இந்த நாற்காலியின் முன் மூன்று குழந்தைகள் பிறந்தன.'"

"ரெண்டு" என்றார் கடைக்காரர்.

வாய் முந்திக்கொண்டுவிட்டது. எஞ்சினியர் தன் பங்குக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டிருக்கிறார், அதைத் தொழில்காரரின் காது பொறுக்கவில்லை. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அனுமதி கிடைத்து, பழுதுபார்ப்பவரை வைத்துக்கொண்டு அன்று காலையில்தான் நாற்காலியைக் கவிழ்த்து, எஞ்சினியர் போட்ட வெல்வெட் துணியின் ஓரத்து ஆணிகளைக் கழற்றியிருக்கிறார்கள். வெல்வெட்டுக்கு உள்ளே, கோணிக்கு மேலே, ஒட்டுக் கொடுத்துத் தைத்த துணி தெரிந்தது. மஞ்சளில் பச்சை இலை போட்டது. அவர்கள் குடியேறிய முதல் வீட்டின் ஜன்னல் திரை.

"என் தையல்" என்றாள் அக்கா. "கவிழ்த்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. இத்தனை நாளா உங்களுக்குத் தெரியும், இல்ல?"

கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளுக்குக் கோபம் இருந்தது. அறுந்த செருப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு போனில் ஒலிப்பதிவை அமுக்கி, மேஜை நடுவில் வைத்தாள். படகோட்டித் தெருவில் எல்லாரிடமும் எப்படிப் பேசினாளோ அதே குரலில், "உங்க தொழிலைச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். நாற்காலி கடைக்கு எப்படி வந்தது என்று கேட்டாள். வண்டிக்காரன் ஒருவன் நாலைந்து சாமானோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனது என்றார். யார் வீட்டில் இருந்தது என்று கேட்டாள். பழக்கதோஷம், "அது ஒரு பெரிய பண்ணை வீடு..." என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான். நான் எழுதிக்குவேன்."

"தெரியல" என்றார். கடை போட்ட நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. சொன்னபிறகு என்னவோ நெஞ்சு லேசானது போல இருந்தது.

மறுநாளே அக்கா காப்பாளரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆணிகூட வரக் கூடாதுன்னேன். நாற்காலியே முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கு" என்றார். பிறகு நல்ல மனதோடுதான் சொன்னார். இன்னும் நேரம் இருக்கிறது, பேசாமல் வேறு பொருளுக்கு மாறிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இதையே எடுத்தால், உன் குடும்பம் சம்பந்தப்பட்டதை நீயே எப்படி விசாரிக்கலாம் என்று வெளியூர்த் தேர்வாளர் ஒரு கேள்வி போட்டால் போதும், இரண்டு வருஷப் படிப்பும் அம்போ. அப்பா கொடுத்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எஞ்சினியர் மகன் வேறு சண்டைக்கு வருவார்.

"நான் மாறிக்கலாம் மேடம். அட்டை மாறாதே. பிள்ளைங்க அதைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போகுதுங்க" என்றாள் அக்கா.

தேர்வு, நாற்காலி இருந்த அறையிலேயே நடந்தது. தகவல் கொடுத்தவர் என்ற முறையில் கடைக்காரரும் வர வேண்டியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில், பின்வரிசையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எஞ்சினியர் மகனும் வந்திருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. தேர்வாளர் ஒல்லியான மனிதர். எதற்கும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அக்கா பேசினாள். முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தாள். "இந்த நாற்காலிக்கு முன்னாடி நாம இத்தனை வருஷமா வாசிச்சது ஒரு கடைக்காரர் சொந்தமா கட்டின கதை. அவர் என் கணவர். பின்னாடி உட்கார்ந்திருக்கார்." எல்லாத் தலையும் திரும்பியது. கடைக்காரருக்குக் காது பற்றி எரிந்தது. ஆனால் அவள் குரலில் வெட்கம் இல்லை என்பதை அந்த எரிச்சலுக்கு நடுவிலும் அவர் கவனித்தார். மகளைக் காட்டுவது போல, தன் வீட்டைக் காட்டுவது போல, அவரைக் காட்டினாள்.

தான் எப்படித் தேடினாள், எப்படிக் கண்டுபிடித்தாள், தனக்கும் இந்த நாற்காலிக்கும் என்ன தொடர்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு படகோட்டித் தெருவுக்கு வந்தாள். மருத்துவச்சியைத் தேடிப்போன இடத்தில், வெள்ளத்தின்போது மொட்டைமாடியில் பிள்ளை பெற்றவளின் மகளைப் பார்த்திருக்கிறாள். அண்டாவில் உட்கார வைத்துக் காப்பாற்றப்பட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறாள். அந்த அண்டா இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. "வெள்ளத்தைப் பத்தி நம்மகிட்ட ஒரு நாற்காலி இருக்குன்னு நினைச்சதால அவங்க யாரையும் நாம போய்க் கேக்கல" என்றாள். எஞ்சினியர் மகன் கட்டிய கையை அவிழ்த்தார்.

கடைசியில் புதிய அட்டையை வாசித்தாள்.

"'கைவைத்த மர நாற்காலி. இதில் முதலில் உட்கார்ந்தவர் யாரென்று தெரியாது. வெள்ளத்தில் இதில் இருந்தபடி பிரசவம் பார்க்கப்பட்டது என்ற கதை, இதை விற்ற பழைய சாமான் கடைக்காரர் கற்பனையாகச் சொன்னது. அவர் சொன்னதை வாங்கியவர் நம்பினார், நாமும் நம்பினோம். கால்களில் உள்ள தடம், அவர் இதைக் கடை வாசலில் கட்டிவைத்த கயிற்றினுடையது. இருக்கை பிற்காலத்தில் மறுபடி தைக்கப்பட்டது.'"

தேர்வாளர் குறிப்பு எழுதிக்கொண்டு, தலையைத் தூக்காமலே பின்வரிசையைப் பார்த்துக் கேட்டார். "உங்களைப் பத்தி எழுதியிருக்காங்க. இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

கடைக்காரர் எழுந்தார். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். காப்பாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு இருக்குங்க" என்றார். "'மறுபடி தைக்கப்பட்டது'ன்னு முடிச்சிட்டாங்க. அது தானா தைச்சுக்கல. இந்த நாற்காலி யார் வீட்டுதுன்னு தெரியாது. யார் உட்கார்ந்தாங்கன்னு தெரியாது. யார் தைச்சாங்கன்னு மட்டும் நல்லா தெரியும். தெரிஞ்ச ஒண்ணையும் விட்டா எப்படிங்க?"

அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அட்டைக்கு இவ்வளவு வார்த்தைதான்னு அளவு இருக்கு. இதுக்கு மேல இடமில்ல" என்றாள், மெதுவாக.

"என்னைப் பத்தி ரெண்டு மூணு வரி ஓடுது. அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போடு" என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் தேர்வாளர் நிமிர்ந்தார். நாற்காலியைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அவர் சொல்றது சரி. இந்தத் திருத்தத்தோட நீங்க தேறிட்டீங்க" என்றார். "இங்கயே எழுதிடுங்க, நான் பார்க்கறேன்."

அக்கா பென்சிலை எடுத்து, கணவரைப் பற்றிய ஒரு வரியை அடித்தாள். 'இருக்கையைத் தைத்தவர்' என்று எழுதினாள். அங்கே கை நின்றுவிட்டது. அந்தக் கடையிலிருந்து அவள் தைத்த எத்தனையோ இருக்கைகள் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கின்றன, நடிகையின் பேரிலும் நீதிபதியின் பேரிலும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுசாக, அப்பா வைத்தபடியே, தன் பெயரை எழுதினாள்.